மினிட்ஸிலிருந்து அந்த ஒரு வரியை எடுங்கள்: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், 240 வீடுகளின் உரிமையாளர்கள் அனைவருக்கும்,

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் நடந்த பொதுக்குழுவின் மினிட்ஸ் புதன்கிழமை எல்லோருக்கும் வந்தது. நான்காவது தீர்மானத்தை மூன்று முறை படித்தேன். "அரசு ஏற்கெனவே இலவச ரேஷன், இலவசப் பேருந்து, மாதம் ரூ.1000 வழங்கிவருவதால், ஹவுஸ்கீப்பிங் மற்றும் செக்யூரிட்டி ஊழியர்கள் கோரும் ரூ.1500 ஊதிய உயர்வு தற்போது அவசியமில்லை" என்று அதில் எழுதியிருக்கிறது. அடுத்த தீர்மானம், வரி செலுத்துவோர் பணத்தில் இலவசங்கள் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி, சங்கத்தின் லெட்டர்பேடில் முதலமைச்சருக்கு மனு அனுப்புவது.

கூட்டத்தில் நான் கை தூக்கினேன். நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது என்று முடித்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். இந்தப் பேச்சு நம் கிளப் ஹவுஸில் மட்டும் நடப்பதில்லை என்பதால் ஊரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன். குடியிருப்பின் பெயரையோ யாருடைய பெயரையோ சொல்லப் போவதில்லை. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு குடியிருப்பு, அவ்வளவு போதும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம்மிடம் வேலை செய்பவர்கள் 24 பேர். பெருக்கித் துடைக்கிற பெண்கள் 14, செக்யூரிட்டி 10. ஆளுக்கு 1,500 என்றால் மாதம் 36,000 ரூபாய். 240 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150 ரூபாய். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. எல்லாம் மேலே ஏற்றினாலும் 225க்குள் முடிந்துவிடும். இதே கூட்டத்தில், இரண்டாவது தீர்மானமாக, லாபியைப் புதுப்பிக்க 18 லட்சம் ஒதுக்கினோம். வீட்டுக்கு 7,500. ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. நானும்தான் கை தூக்கினேன், மறைக்கவில்லை. பெருக்குபவர்களுக்குக் கடைசியாகச் சம்பளம் ஏறியது 2022 ஏப்ரலில். அதற்குப் பிறகு டேங்கர் தண்ணீர் விலை ஏறியது, லிஃப்ட் ஏ.எம்.சி. ஏறியது, ஜெனரேட்டர் டீசல் செலவு ஏறியது. ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு செய்தி வந்தது, எல்லோரும் சம்மதித்தோம். லாரிக்காரருக்கு அரசாங்கம் என்ன கொடுக்கிறது என்று நாம் விசாரிக்கவில்லை. தண்ணீருக்கு விலை கொடுத்தோம். வேலைக்கு விலை கொடுக்கும்போது மட்டும் வேலை செய்பவரின் ரேஷன் கார்டை எடுத்துப் பார்க்கிறோம்.

சரி, பார்ப்பதுதான் பார்க்கிறோம், ஒழுங்காகவாவது பார்த்தோமா? மினிட்ஸ் வந்த அன்று சாயங்காலமும் மறுநாளும் நான் 24 பேரிடமும் பேசினேன். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 14 பெண்களில் ஒன்பது பேருக்குத்தான் வருகிறது. ஒருவருக்கு மாமியார் பெயரில் வருகிறது, இவர் கைக்கு வருவதில்லை. இரண்டு பேருடைய மனு தள்ளுபடியாகிவிட்டது, ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை. இரண்டு பேர் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். செக்யூரிட்டி பத்துப் பேரில் ஆறு பேர் அஸ்ஸாம், ஒடிசாக்காரர்கள், குடும்பமும் கார்டும் அங்கே. மீதி நால்வரில் மூவரின் மனைவிக்கு வருகிறது. ஆக 24 பேரில் பாதிப் பேரிடம் அந்த ஆயிரம் வந்து சேர்வதே இல்லை. இலவசப் பேருந்து பெண்களுக்குத்தான், அதுவும் சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான். மற்ற பஸ் வந்தால் டிக்கெட் எடுக்க வேண்டும். காலை ஆறரை ஷிஃப்டுக்கு அந்த பஸ் வரவில்லையென்றால் ஷேர் ஆட்டோதான். லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கிறோம் என்பதும் நம் விதிதானே.

நம் பிளாக்கில் பெருக்கும் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூவம் கரையோரம் இருந்தவர். ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு கொடுத்தார்கள். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் மூன்று வீடுகளில் நடந்துபோய் வேலை செய்துவந்தார், அந்த மூன்றும் போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதி வருடத்தில் நின்றது. இப்போது காலையில் இங்கே, மதியத்துக்கு மேல் பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு. மாடிப்படி கைப்பிடிக் கம்பியைத் துடைக்கும்போது ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் இன்னொரு காய்ந்த துணியால் மறுபடி துடைப்பார். ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வருடமாக நம் பிளாக் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அந்தக் காய்ந்த துணிதான் காரணம். போய்ப் பாருங்கள், வேறு இரண்டு பிளாக்குகளில் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

தீர்மானத்தை அவரிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அது கவர்மெண்டு குடுக்கறது டீச்சர்மா. இது நான் பெருக்கறதுக்குக் குடுக்கறது. ரெண்டும் எப்பிடி ஒண்ணாவும்?"

முப்பது வருடம் பள்ளியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் கேட்டதைவிடத் தெளிவாக இதைக் கேட்க எனக்குத் தெரியாது. அரசு அவருக்குக் கொடுக்கும் ஆயிரத்தைக் காரணம் காட்டி நாம் கூலியைப் பிடித்துவைத்தால், அந்த ஆயிரம் அவரிடம் தங்கவில்லை. சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்துவிட்டது. கொடுக்காமல் விட்ட 36,000 ரூபாய் மாதாமாதம் நம் மெயிண்டனன்ஸ் கணக்கில் மிச்சமாக நிற்கிறது. அப்படிப் பார்த்தால் உரிமைத் தொகையின் பயனாளிகள் நாம்தான். 1795இல் இங்கிலாந்தில் ஸ்பீனம்லாந்து என்ற இடத்தில், ரொட்டி விலைக்கு ஏற்ப ஏழைகளின் கூலியோடு ஊர்ப் பணத்திலிருந்து ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. மீதியை ஊர் கொடுக்கும் என்று பண்ணைக்காரர்கள் கூலியை ஏற்றாமல் விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே எழுந்தது. கடைசியில் பழி விழுந்தது வாங்கியவர்கள் மேல். சோம்பேறிகள் என்று சொல்லி, 1834இல் சட்டத்தை மாற்றி, உதவி வேண்டுமென்றால், ஏழைகளை உள்ளே தங்கவைத்து வேலை வாங்கும் வொர்க் ஹவுஸுக்குள் வா என்றார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கதைதான் நம் நான்காம், ஐந்தாம் தீர்மானங்களில் அடுத்தடுத்து வந்து நிற்கிறது. முதலில் அரசு கொடுப்பதைச் சொல்லிக் கூலியை மறுப்பது, பிறகு அரசு கொடுப்பதையும் நிறுத்தச் சொல்வது. இரண்டையும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றினால் அவர்கள் எதை வைத்துச் சாப்பிடுவது என்று நாம் யாரும் யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

இலவசம் என்ற சொல்லுக்கு வருகிறேன். கூட்டத்தில் "ஓசி" என்றும் ஒருவர் சொன்னார், சிலர் சிரித்தார்கள். உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முதல் 100 யூனிட் நமக்குக் கட்டணம் கிடையாது. 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இப்படித்தான், மூன்று ஏசி ஓடும் வீட்டுக்கும் சேர்த்து. உரிமைத் தொகைக்கோ விதி வேறு. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடு என்றால் ஆயிரம் கிடையாது, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றாலும் கிடையாது. நாம் 3,600 யூனிட்டைத் தாண்டினாலும் வருடத்துக்கு 600 யூனிட்டை விலை கொடுக்காமல்தான் எரிக்கிறோம். ஒன்பது வருடமாக என் வீட்டிலும் இதேதான். அதை ஓசி என்று நான் சொன்னதில்லை, நீங்களும் சொன்னதில்லை. பில்லில் "மானியம்" என்று போட்டிருக்கும், நாம் கீழே உள்ள தொகையைப் பார்த்துக் கட்டிவிடுகிறோம்.

2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்த அன்று நம் வாட்ஸ்ஆப் குழுவில் எத்தனை வாழ்த்துகள். அதனால் அரசுக்கு சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தபோது வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி போகும் என்றார்கள். செல்வ வரி என்று பணக்காரர்களின் செல்வத்தின் மேல் இருந்த வரி 2015இல் போயிற்று. இறந்தவரின் சொத்து மேல் இருந்த வரி 1985இலேயே போயிற்று. உரிமைத் தொகை தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்கள். 12ஆல் பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்து எழுநூறு கோடி சொச்சம். அது ஒரு மாநிலக் கணக்கு, முன்னது நாட்டுக் கணக்கு, அப்படியே தராசில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. நம் பக்கம் வரும்போது அதற்குப் பெயர் சலுகை, நிவாரணம், ஊக்கம். அவர்கள் பக்கம் போகும்போது மட்டும் ஏன் இலவசம்?

இன்னொன்றும் இருக்கிறது. நான் இந்த வீட்டை 38 லட்சத்துக்கு வாங்கினேன். போன வருடம் ஒரு புரோக்கர் ஒரு கோடிக்கு மேல் போகும் என்றார். நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததைத் தவிர அந்த வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. சாலையை ஆறு வழியாக்கினார்கள், வாசலில் மெட்ரோ தூண்கள் எழுந்திருக்கின்றன. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. ஊர்ப் பணம்தான் என் வீட்டு விலையை ஏற்றிக்கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பாக்கத்து அம்மாவின் பங்கும் உண்டு. அவர் வாங்கும் சோப்புக்கு வருடக்கணக்காக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பரில்தான் குறைந்தது. மொபைல் ரீசார்ஜுக்கு இன்றைக்கும் 18. அதில் ஏழை பணக்காரர் என்று பார்ப்பதில்லை. வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்று நாம் பேசுவது தப்பு.

அவர் வீட்டிலிருந்து இன்னொரு வழியாகவும் பணம் போகிறது. டாஸ்மாக் வருமானம் 2024–25இல் 48,000 கோடியைத் தாண்டியது. அந்தக் கடை வாசலில் ராத்திரி யார் நிற்கிறார்கள் என்று ஓ.எம்.ஆரில் போகிற நமக்குத் தெரியும். அவர் கணவரும் நின்றவர்தான், கல்லீரல் போய் 2021இல் இறந்தார். எத்தனை வருடக் கூலி அந்த ஜன்னல் வழியாக அரசாங்கத்துக்குப் போனது என்று அவர் கணக்குப் போட்டதில்லை. அந்த வீட்டிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு சின்னப் பங்கு, இப்போது ஆயிரமாக, அந்த வீட்டுப் பெண்ணின் கைக்குத் திரும்பி வருகிறது. அதைத்தான் நிறுத்தச் சொல்லி மனு எழுதப் போகிறீர்கள்.

"நாமே மிடில் கிளாஸ், நம்மிடம் எங்கே இருக்கிறது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார், அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளையின் ஸ்கூல் பீஸ் இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்பில் போர்டில் பத்துப் படி ஏணி ஒன்று வரைவேன். உங்கள் வீடு எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டால், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் மகளும் ஐந்து என்பாள், மூன்று வீடு வாடகைக்கு விட்டிருப்பவர் மகனும் ஐந்து என்பான். நமக்கு மேலே இருப்பவரும் பக்கத்தில் இருப்பவரும்தான் கண்ணில் படுகிறார்கள். நம்மைச் சுற்றி நம்மைப் போன்றவர்களே இருந்தால் நாம் நடுவில் இருப்பதாகத்தான் தோன்றும். 2022–23க்கான கணக்கு ஒன்றை உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் வயது வந்த ஒருவரின் சராசரி வருமானம் வருடத்துக்கு 2.3 லட்சம் சொச்சம். ஆனால் அந்தச் சராசரியைத் தொடவே நூறு பேரில் கிட்டத்தட்ட தொண்ணூறாவது ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது. மேலே உள்ள ஒரு சதவீதத்தினர் மட்டும் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதத்தை வைத்திருக்கிறார்கள். மாதம் 20,000 சம்பாதிப்பவரே மேலிருந்து பத்தாவது சதவீதத்தின் ஓரத்துக்கு வந்துவிடுகிறார். நம் குடியிருப்பில் யார் அதற்குக் கீழே?

இதைச் சொல்வதில் ஒரு பயமும் எனக்கு உண்டு. ஸ்வீடனில் ஓர் ஆய்வு செய்தார்கள். அங்கேயும் பெரும்பாலானவர்கள் தாங்கள் இருக்கும் படியைக் குறைவாகவே நினைத்திருந்தார்கள். நீங்கள் நினைப்பதைவிட மேலே இருக்கிறீர்கள் என்று உண்மைக் கணக்கைக் காட்டியபோது, அவர்களில் ஒரு பகுதியினர், மேலே இருப்பவர்களிடம் எடுத்துக் கீழே கொடுப்பதற்கான ஆதரவைக் கூட்டவில்லை, குறைத்துக்கொண்டார்கள். உழைப்பால்தான் ஒருவர் மேலே வருகிறார், அதிர்ஷ்டத்தால் அல்ல என்று நம்புகிறவர்கள்தான் அப்படி மாறியவர்களில் அதிகம். என் கணக்கைப் படித்துவிட்டு நீங்களும் அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உங்களில் பலர் எங்கிருந்து வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

வடசென்னையில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். சத்துணவில் முட்டை போடும் நாளில் அவள் சோற்றை மட்டும் சாப்பிடுவாள். முட்டையை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடிக்கொள்வாள். காம்பஸும் டிவைடரும் பையில் தனியாகக் கிடக்கும். ஒரு நாள் கணக்குப் பாடத்தில் பாக்ஸைத் திறக்கச் சொன்னபோது பயந்துபோய் அழுதுவிட்டாள். வீட்டில் இரண்டு வயதுத் தம்பிக்கு என்றாள். அதற்குப் பிறகு சமையல் ஆயா அவளுக்கு இன்னொரு முட்டையை, மிஞ்சிய நாளில், காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது காசு வீண், அரசாங்கம் திவாலாகும் என்று பேசிய பேச்சுகள் எனக்கு நினைவிருக்கிறது. ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் மதிய உணவு போட ஆரம்பித்த ஊர் இது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களும், அவர்களின் பிள்ளைகளும், முதல் பட்டதாரி சலுகையில் இன்ஜினியரிங் சேர்ந்தவர்களும்தான் இன்று இந்த ஓ.எம்.ஆரில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு போகிறார்கள். நம் நிர்வாகக் குழுவிலேயே ஒருவர், சத்துணவு இல்லையென்றால் ஐந்தாம் வகுப்போடு நின்றிருப்பேன் என்று என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் குரல் தழுதழுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் தீர்மானத்துக்கு அவர் கை தூக்கினார். சார், உங்களுக்கு அந்தச் சோறு உரிமையாக இருந்தது. பெரும்பாக்கத்து அம்மாவின் மகள் இப்போது பி.காம். இரண்டாம் வருடம், அரசுப் பள்ளியில் படித்ததால் மாதம் ஆயிரம் அவளுக்கும் வருகிறது. அவளுக்கும் அது உரிமைதானே?

அரசு கொடுப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கச் சொல்லவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் டி.வி., மிக்ஸி, கிரைண்டர் என்று போட்டி போட்டதில் எனக்கும் கேள்விகள் உண்டு. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல் தீர்ப்பும் வந்தது. மாநிலத்தின் கடனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவலைப்படட்டும், அது நியாயமான கவலை. ஆனால் அதைப் பேச வேண்டிய இடம் வேறு. பஸ் பயணத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னது. அந்த 888 எங்கே போகிறது என்று நம் பிளாக் அம்மாவிடம் கேட்டேன். பிரஷர் மாத்திரை, மகளின் காலேஜ் ஜெராக்ஸ், சீட்டுப் பணம் என்று விரல் விட்டு எண்ணினார். இதில் எதை நிறுத்த வேண்டும் என்று மனுவில் எழுதுவீர்கள்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பேஸ்மெண்டில் கார் கூரை வரை தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. நாம் மாடியிலிருந்து வாளியில் கயிறு கட்டி இறக்கினோம். மூன்றாம் நாள் காலையில் முழங்கால் தண்ணீரில் ஏழு பெண்கள் நடந்து வந்தார்கள். அவர்கள் தெருவும் மிதந்துகொண்டுதான் இருந்தது. கீழே சேறு வழித்தது அவர்கள்தான், செப்டிக் தண்ணீர் கலந்த சேறு, கையுறை அடுத்த நாள்தான் வாங்கிக் கொடுத்தோம். அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடையில் கொடுத்தபோது நம்மில் பலரும் வரிசையில் நின்று வாங்கினோம். வாங்கியதில் தப்பில்லை, வெள்ளம் எல்லோருக்கும் வந்தது. வரிசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் அந்த ஏழு பேரில் ஒருவர் நின்றிருந்தார். கை விரல் இடுக்கெல்லாம் வெந்து உரிந்திருந்தது. அன்றைக்கு அங்கே யாரும் அவரைப் பார்த்து ஓசி என்று சொல்லவில்லை.

நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான்காவது தீர்மானத்தில் உள்ள அந்தக் காரண வரியை, அரசு கொடுப்பதால் கூலி உயர்வு அவசியமில்லை என்பதை, மினிட்ஸிலிருந்து நீக்க வேண்டும். பணம் இல்லை என்று எழுதினால்கூட அதை எதிர்த்து வாதாடலாம். இந்த வரி அப்படியே நின்றால் நாளைக்கு வரும் ஒவ்வொரு கமிட்டிக்கும் அது முன்னுதாரணமாகிவிடும். முப்பது நாளுக்குள் சிறப்புப் பொதுக்குழு கூட்டி 1,500 ரூபாய் உயர்வை மறுபடி வாக்கெடுப்புக்கு விடுங்கள். அதை முன்மொழிய நான் தயார், எங்கள் பிளாக்கில் பதினொரு வீடுகள் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு ஹவுஸ்கீப்பிங்கில் ஒருவரையும் செக்யூரிட்டியில் ஒருவரையும் அழையுங்கள். அவர்கள் சம்பளத்தைப் பற்றி அவர்கள் இல்லாமல் பேசுவதை நிறுத்துவோம். பணம் புரட்ட வேண்டுமென்றால் லாபி வேலையைத் தள்ளிப்போடுங்கள். உயர்வு மட்டும் வருடத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம், பி.எஃப்., ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தாலும் ஆறரை லட்சத்துக்குள். அந்த 18 லட்சம் இரண்டரை வருடத்துக்கு மேல் தாங்கும்.

ஏஜென்சி ஒப்பந்தத்தின் நகலை எல்லா உரிமையாளர்களுக்கும் அனுப்புங்கள். நாம் கொடுப்பதில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது, பி.எஃப். உண்மையில் கட்டப்படுகிறதா, வார விடுமுறைக்குச் சம்பளம் பிடிக்கிறார்களா என்று தெரிய வேண்டும். நான் பேசிய 24 பேரில் பதினேழு பேரிடம் சம்பளச் சீட்டே இல்லை. பஸ் தாமதத்துக்கு அரை நாள் பிடிக்கும் விதியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள், அதற்குப் பொதுக்குழு தேவையில்லை, செயலாளர் கையெழுத்து போதும். ஐந்தாவது தீர்மானத்தின் மனுவை அனுப்ப விரும்புகிறவர்கள் தங்கள் பெயரில், தங்கள் வீட்டு எண்ணைப் போட்டு அனுப்பட்டும். சங்கத்தின் லெட்டர்பேடில் 240 வீடுகளும் சேர்கின்றன, என் வீடும் சேர்கிறது. என் பெயரில் அது போகக் கூடாது. இவற்றுக்கு வரும் 15ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இந்த மாத மெயிண்டனன்ஸோடு 225 ரூபாய் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று ஆபீஸில் இருக்கும் பையன் கேட்டான். நன்கொடை என்று எழுதப் போனான். வேண்டாம் என்று தடுத்து, "ஊழியர் ஊதியம்" என்று எழுதச் சொன்னேன். அதை அந்தத் தலைப்பிலேயே கணக்கில் ஏற்றும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை